கூட்டுக் கணக்கு

எனக்குச் சொந்த ஊர் காரைக்கால் என்றதும் ஒரு மாதிரி சிரிக்கிறீர்கள். தெரியும். 'அங்கே எல்லாம் சல்லிசாமே' என்று கண்ணடித்துக் கேட்காத சென்னை நண்பர் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. நான் சொல்ல வந்தது அந்தச் சரக்கு இல்லை சார், பாட்டு!

அப்பாவும் பாய் மாமாவும் பார்ட்னர்ஷிப்பில் மைக் செட் கடை வைத்திருந்தார்கள். நாலு குழாய் ஸ்பீக்கர், இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவில், ஊர்வலம் போகிற தெருவில் ஜனங்கள் மாடியிலிருந்து மாம்பழத்தை வாரி வீசுவார்கள். அந்தத் தெருவில் கட்டிய அதே குழாய்தான் மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரிக்கும் போகும். முதல் பாட்டு விசேஷத்துக்கு ஏற்ற பக்திப் பாட்டு. இரண்டாவது பாட்டிலிருந்து விஸ்வநாதன் - ராமமூர்த்தி. அதில் மட்டும் இரண்டு பார்ட்னருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

இந்த இரட்டையர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் ஒரு பி.காம். பட்டதாரியின் கண்ணால் ஒரு தடவை பாருங்கள்.

இருவரும் சி.ஆர்.சுப்பராமன் குழுவில் வேலை பார்த்தவர்கள். ராமமூர்த்தி திருச்சிக்காரர், முறையாகக் கற்ற வயலின் கலைஞர். விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கம், எலப்புள்ளியில் பிறந்தவர், ஆர்மோனியம். 1952-ல் சுப்பராமன் திடீரென்று காலமானபோது, பாதியில் நின்ற 'தேவதாஸ்' வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அதே வருஷம் என்.எஸ்.கிருஷ்ணன் தன் 'பணம்' படத்தைக் கொடுத்தார். முதல் படத்தின் பெயரைப் பாருங்கள்... கூட்டு வியாபாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பு உண்டா?

யார் பெயர் முதலில்? ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். நியாயமாகப் பார்த்தால் அவர் பெயர்தான் முன்னால் வரவேண்டும். 'சின்னவன் முன்னால் போகட்டும், தடுமாறினால் பின்னால் இருந்து நீ தாங்கிப் பிடி' என்கிற மாதிரி கலைவாணர் சமாதானம் செய்தாராம். நிஜமோ, பிறகு ஜோடித்ததோ, எனக்குப் பிடித்த கதை இது. மூத்தவர் பின்னால் நிற்கச் சம்மதித்தார் என்பது மட்டும் படத்துக்குப் படம் டைட்டிலில் இருக்கிறது.

அப்புறம் நடந்ததை எந்த லெட்ஜரில் எழுதுவது? 1961 ஒரே வருஷத்தில் 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்'. 1963-ல் திருவல்லிக்கேணியில் விழா எடுத்து 'மெல்லிசை மன்னர்கள்' என்று பட்டம். 1964-ல் ஒரு பக்கம் 'கர்ணன்', வடக்கத்தி ராகங்களும் ஷெனாயும் சாரங்கியுமாக. இன்னொரு பக்கம் 'காதலிக்க நேரமில்லை', மேற்கத்திய துள்ளலோடு. இரண்டும் ஒரே கடைச் சரக்கு என்றால் வெளியூர்க்காரன் நம்புவானா? இவர் மெட்டு, அவர் வாத்தியக் கோவை என்று பொதுவாகப் பிரித்துச் சொல்வார்கள். அதெல்லாம் வெளியில் நின்று போடுகிற கணக்கு. உள்ளே எது யாருடையது என்று யார் கண்டது?

1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்'. அதோடு பிரிந்தார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், விடுங்கள். விஸ்வநாதன் மறுவருஷமே 'அன்பே வா' என்று பறந்தார். ராமமூர்த்தி 'மறக்க முடியுமா', 'நான்', 'தங்கச்சுரங்கம்' என்று நல்ல படங்கள் செய்தும், தனியாகச் செய்தது இருபதுக்குள்தான். இந்தியில் சங்கர் - ஜெய்கிஷனில் ஜெய்கிஷன் 1971-ல் இறந்தார். சங்கர் அதற்குப் பிறகும் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே போட்டுக்கொண்டிருந்தார். நம்மவர்கள் இருவரும் உயிரோடு இருந்தார்கள், பெயர்தான் இரண்டானது.

முப்பது வருஷம் கழித்து, 1995-ல், சத்யராஜ் நடித்த 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு மறுபடி சேர்ந்தார்கள். அப்பாவும் பாய் மாமாவும் கேசட் வாங்கி வந்து, கடை வாசலில் குழாய் கட்டி அலறவிட்டார்கள். தெருவில் ஒருத்தரும் நின்று கேட்கவில்லை. அது 'பம்பாய்', 'பாட்ஷா' வருஷம் ஆச்சே!

அவர்கள் சேர்ந்த மறுவருஷம் இவர்கள் பிரிந்தார்கள்.

ஒரு கல்யாண வீட்டு அட்வான்ஸ், 1,150 ரூபாய். நோட்டில் ஏறவில்லை. யார் வாங்கினார்கள், யார் எழுத மறந்தார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. கத்திச் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். அப்போது நான் பி.காம். இரண்டாவது வருஷம். 'படிக்கிறேல்ல, நீயே பிரிச்சுக் குடு' என்றார் அப்பா. பாய் மாமாவும், 'தம்பி போட்டா சரியாத்தான் இருக்கும்' என்று சொல்லிவிட்டார்.

1932-ம் வருஷத்து கூட்டாண்மைச் சட்டத்தைக் கரைத்துக் குடித்த மமதையில் உட்கார்ந்தேன். சொத்து, கடன், வரவேண்டிய பாக்கி எல்லாம் வரிசையாக விழுந்தது. குட்வில் என்று ஒரு அயிட்டம் வரும். மூன்று வருஷ சராசரி லாபத்தை இரண்டால் பெருக்கு என்கிறது பாடப் புத்தகம். பெருக்கிப் பார்த்தேன், ஒரு குழாய் ஸ்பீக்கர் விலைகூட வரவில்லை. அதை அடித்துவிட்டேன். ரெக்கார்டு பிளேயர் எங்களுக்கு, பெரிய ஆம்ப்ளிஃபயர் அவருக்கு. இசைத்தட்டுகளைத் தரையில் பரப்பி, உனக்கொன்று எனக்கொன்று என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்தார்கள். 'பாலும் பழமும்' நமக்கு வந்தது, 'பாவமன்னிப்பு' அவருக்குப் போனது. பேலன்ஸ் ஷீட் பைசா சுத்தமாக டேலி ஆனது. எனக்கு அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2012-ல் மெல்லிசை மன்னர்கள் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றி 'திரை இசைச் சக்ரவர்த்தி' பட்டம் கொடுத்தார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. ஆளுக்கொரு காரும் கொடுத்தார். டி.வி.யில் பார்த்துவிட்டு அப்பாவுக்கு போன் செய்தேன். 'பாத்தேன்' என்றார். வேறு பேச்சு இல்லை.

2013 ஏப்ரல் 17, ராமமூர்த்தி காலமானார். ராத்திரி அப்பாவே கூப்பிட்டார்.

'பாய் வந்துட்டுப் போறாருடா.'

எனக்குச் சட்டென்று பேச வரவில்லை. பதினேழு வருஷம்! 'என்ன சொன்னாரு?'

'என்ன சொல்றது? பெரியவர் போயிட்டாருன்னாரு. உக்காந்திருந்தோம். சக்கரை இல்லாம காப்பி குடிச்சாரு. அவருக்கும் வந்துடுச்சாம்.'

'அந்த அட்வான்ஸ் விஷயம்...?'

'அதை எதுக்குடா இப்பக் கிளறுறே? பாவமன்னிப்பு தட்டைக் கொண்டாந்திருந்தாரு. பிளேயர் உங்கள்ட்டதானே இருக்குன்னாரு. தூசி தட்டி எடுத்து வச்சோம். சுத்துது. ஊசிதான் போயிடுச்சு.'

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

'மெட்ராஸ்ல கிடைக்கும்ல? வர்றப்ப ஒண்ணு வாங்கிட்டு வா. பில்லை மறக்காம வாங்கு. பாதி அவர் தந்துடுறேன்னிருக்காரு.'