கயிற்று வகுப்புக்கு உடுத்திச் செல்வது

கயிற்றுக்கட்டு வகுப்புகளுக்கும் கிங்க் சந்திப்புகளுக்கும் என்ன உடுத்திச் செல்வது என்று மாணவர்கள் சிலர் உள்பெட்டியில் கேட்டிருந்தனர். கேட்ட ஒவ்வொருவரும் மன்னிப்புக் கோரிவிட்டே கேட்டனர். மன்னிப்புக்கு இதில் இடமில்லை. உடலின் பாதுகாப்பையும், யாருடைய பார்வைக்காக உடுத்துகிறோம் என்பதையும் பற்றிய கேள்வி இது. பங்காருபேட்டையிலிருந்து பெங்களூருக்குச் சென்றுவரும் ஓர் ஆய்வு மாணவி என்ற அளவில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் வகுப்பு. ஷிபாரி என்னும் ஜப்பானியக் கயிற்றுக்கலையில் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் பருமனும் ஏழெட்டு மீட்டர் நீளமும் கொண்ட சணல் கயிறு பயன்படுகிறது. தொடக்க வகுப்பில் எல்லோரும் முழு உடையில்தான் இருப்போம். ஆடை களைய வேண்டியிருக்குமோ என்ற அச்சம் வேண்டாம். உடலோடு ஒட்டி நெகிழும் லெகிங்ஸும் பருத்தி டீ-ஷர்ட்டும் போதும். தொளதொளத்த துணி கயிற்றின் கீழ் மடிந்து அழுத்தும். பொத்தான், ஜிப், உள்ளாடைக் கம்பி ஆகியவை தோலில் பதியும். மேற்கையில் ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. அங்கே அழுத்தம் மிகுந்தால் மணிக்கட்டைத் தூக்க இயலாமல் போகலாம். ஆகவே கைவிரல்களின் நிறமும் அசைவும் எந்நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வளையல், மோதிரம், மெட்டி, கழுத்துச் சங்கிலி அனைத்தையும் கழற்றிவிட வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. என்னுடன் பயின்ற மணமான பெண் ஒருவருக்குத் தாலியைக் கழற்ற மனம் வரவில்லை. ஆசிரியர் வற்புறுத்தவில்லை. மார்புக்கட்டை விட்டுவிட்டு அன்று அவருக்குக் கணுக்கால் கட்டு மட்டும் கற்பித்தார். அந்த முடிவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தாலியும் கயிறுதான்; அதை அவிழ்ப்பது எப்படி என்று மணமேடையில் எவரும் சொல்லித்தருவதில்லை. வகுப்பிலோ முதல் பாடமே அவிழ்த்தல். முனை மழுங்கிய கத்திரி கைக்கெட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும். "போதும்" என்றால் அந்தக் கணமே கட்டு தளர வேண்டும்.

அடுத்து, சந்திப்புகள். 'மஞ்ச்' எனப்படும் அறிமுகக் கூடுகை உணவகத்தில் நடப்பது. 1990களில் கலிபோர்னியாவில் தோன்றிய வழக்கம். அங்கே அன்றாட உடையே முறை, ஏனெனில் பக்கத்து மேசையில் இருப்பவர் எதற்கும் இசைவு தந்தவரல்லர். விருந்துகளில் கறுப்பு உடை கேட்பார்கள். தோலாடையும் கார்செட்டும் ஆய்வு உதவித்தொகைக்கு எட்டாதவை. கறுப்புச் சுடிதார் எட்டும். ஆண்களுக்கு இன்னும் எளிது: கார்த்திகை, மார்கழியில் எங்கள் நடைமேடையில் கறுப்பு வேட்டி கட்டியவரை ஐயப்ப பக்தர் என்றுதான் எண்ணுவார்கள்.

நடைமேடை என்றதும் சிரித்துவிட்டுக் கடந்துவிட முடியவில்லை. 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், கோலார் தங்கவயல் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் விடியலில் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். அந்தப் பெட்டியில் அத்தை இருப்பார், பள்ளித் தோழியின் தந்தை இருப்பார். என் லெகிங்ஸின் மேல் நீண்ட குர்த்தாவும் துப்பட்டாவும் இருப்பது அவர்களுக்காக. பையிலுள்ள கயிற்றைத் துணிக்காயப்போடும் கயிறு என்று நினைத்துக்கொள்ளட்டும்.

இது பாசாங்கு என்று தோழி ஒருத்தி வாதிட்டாள். நான் உடன்படவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. ஆயினும் அத்தீர்ப்பு ரயில்பெட்டிக்குள் என்னுடன் ஏறி வராது. அங்கே என் அந்தரங்கத்தை நானேதான் பாதுகாத்துக்கொள்ள வேண்டும். விரல்ரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் ஊர் எங்களுடையது. தன் உடலைப் பற்றி யார் எவ்வளவு அறியலாம் என்பதைத் தானே தீர்மானிப்பது இங்கே புதிய ஆசையன்று.

இறுதியாக ஒன்று. எந்த உடையும் இசைவாகாது. குர்த்தாவும் ஆகாது, கார்செட்டும் ஆகாது. இசைவை வாய்விட்டுக் கேட்டே பெற வேண்டும். அவ்வாறு கேட்காமல் தொடுபவர் இருக்கும் இடத்திலிருந்து, எதை உடுத்தியிருந்தாலும், வெளியேறிவிடுங்கள். அதற்காக, ஓடத் தோதான காலணியையே அணிந்து செல்லுங்கள்.