எட்டு

ஆனி 5, வியாழன்

ஐம்பத்தோராம் வயதில் இன்று பழகுநர் உரிமம் கிடைத்தது. ஊர் வழக்கில் எல்.எல்.ஆர். நாற்பதைக் கடந்தவர்கள் உடல்தகுதிச் சான்று கொண்டு வர வேண்டும் என்ற விதிப்படி, இத்தனை வருஷங்களாகப் பிறர் கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் குறித்துவந்த கிராம சுகாதாரச் செவிலியாகிய நான், நேற்று மருத்துவரின் எதிரில் என் கையை நீட்டி உட்கார்ந்தேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வினாக்கள் கணினியில் தமிழிலேயே வந்தன. முக்கோணம் எச்சரிக்கை, வட்டம் கட்டளை, செவ்வகம் தகவல் என்று மகள் இரவெல்லாம் உருப்போட வைத்திருந்தாள். அவற்றுள் மனத்தில் தங்கியது ஆளில்லாத ரயில்வே கடவு பற்றிய வினா ஒன்றுதான். அங்கே வண்டியை நிறுத்தி, உடன் வருபவர் யாருமில்லையானால் ஓட்டுகிறவரே இறங்கி நடந்துபோய், இருபுறமும் ரயில் வரவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே கடக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். சட்டத்துக்குள்ளே தாயின் கவலை போன்ற ஒன்று இருக்கக் கண்டு மனம் நெகிழ்ந்தது.

ஆனி 8, ஞாயிறு

புதன்கிழமைதோறும் தடுப்பூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, பஸ் வராத குக்கிராமங்களுக்கெல்லாம் நான் போய்வந்தது இருபது வருஷமாக என் கணவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்துதான். இப்போது அவருக்கு மூட்டுத் தேய்மானம். வண்டி ஓட்டக் கூடாதென்று வைத்தியர் சொல்லிவிட்டார். வண்டி வாசலில் நிற்கிறது, குழந்தைகள் ஊசிக்குக் காத்திருக்கின்றன. இதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

எங்கள் புதுக்கோட்டைச் சீமைப் பெண்களுக்குச் சக்கரம் புதிதன்று. 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தபோது, கல்லுடைக்கும் பெண்கள்கூட ஹேண்டில்பாரில் தூக்குவாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். நான் வற்றிய கண்மாய்க்குள் பாவாடை தாவணியோடு பழகியவள். அதே கண்மாய்க்குத்தான் இன்று விடியற்காலையில் ஸ்ப்ளெண்டரைத் தள்ளிக்கொண்டு போனோம்.

கியர் நான்கும் முன்னங்காலால் அழுத்திப் போடுவது. அது இரண்டு நாளில் வந்துவிடும். வித்தையெல்லாம் கிளட்சில் இருக்கிறது. இடது கை விரல்களை மெல்ல மெல்ல விட்டுவருகையில், ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் ஒரு சுருதி இறங்கி, வண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் நிற்கும். “அங்கனயே நிப்பாட்டு புள்ள, விட்றாத,” என்று கரையில் உட்கார்ந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பத்துத் தடவை விட்டுவிட்டேன், பத்துத் தடவையும் இன்ஜின் அணைந்தது. பதினோராம் தடவை வண்டி நகர்ந்தது.

ஆனி 25, புதன்

முன்னும் பின்னும் வெள்ளைத் தகட்டில் சிவப்பு ‘எல்’. தகடு 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்து 10 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரம் என்று அளவு சொல்லியிருக்கிறார்கள். பழகுநர், கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறொருவரைப் பின்னால் ஏற்றக் கூடாது என்பதால், அங்கன்வாடிப் பணியாளர் வெயிலில் நடந்து வர, நான் மட்டும் பெட்டியோடு வண்டியில் போனேன். “பரவால்லக்கா, சட்டம்னா சட்டந்தானே,” என்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

ஆடி 5, திங்கள்

முப்பது நாள் கழிந்தபின்தான் தேர்வுக்குப் போகலாம். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது என்றார் மாமியார். “தொடங்கியது ஆனியில்தானே அத்தை,” என்றேன். சமாதானமாகித் திருநீறு பூசி அனுப்பினார்.

எட்டின் முதல் வளைவை முடித்து இரண்டாவதில் திரும்பும்போது, வண்டி சாய்கிறது என்ற பயத்தில் இடது கால் தன்னையறியாமல் தரையைத் தொட்டுவிட்டது. ஆய்வாளர் கண்டிப்பானவர், ஆனால் கடுஞ்சொல் சொல்லாதவர். “ஏழு நாள் கழிச்சு வாங்கம்மா. நீங்க சக்கரத்தையே பாக்குறீங்க, போற எடத்தப் பாருங்க.”

ஆடி 13, செவ்வாய்

எட்டு நாளும் கண்மாயில் செங்கல் வைத்து எட்டுப் போட்டேன். வேகமாய்ப் போவது எளிது, வேகமே வண்டியை நிமிர்த்திவிடும். நடைவேகத்தில், பாதிக் கிளட்சில், பின் பிரேக்கை லேசாய் மிதித்தபடி, கழுத்தைத் திருப்பி அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டு, விழாமல் சாவதானமாய்ப் போவதே கடினம் என்று அப்போதுதான் விளங்கியது. சந்துக்குள் குழந்தைகள் ஓடும் ஊர்களுக்குப் போகிறவளுக்கு வேண்டியதும் அந்த வேகந்தான். ஆகையால், முதல் தடவை தேறாமற்போனது நியாயமே என்று இன்று மனப்பூர்வமாக எழுதுகிறேன். தேறிவிட்டேன். கால் கீழே படவில்லை.

ஆடி 21, புதன்

உரிமம் தபாலில் வந்துவிட்டது. அறுபது வயதுவரை செல்லும். காலையில் அவர் மெனக்கெட்டு ‘எல்’ தகடுகளைக் கழற்றி, திருகாணிகளைத் தீப்பெட்டியில் போட்டு, மகளுக்கு உதவும் என்று பரண்மேல் வைத்தார். அங்கன்வாடி வாசலில் பணியாளருக்கென்று வாங்கிய தலைக்கவசத்தை நீட்டினேன். ஐஸ் வைத்த பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

“மெதுவாத்தான் போவேன்,” என்றேன்.

“மெதுவாவே போங்கக்கா. பதினோரு பிள்ளைக வந்திருக்காம்.”