தகர டப்பாவில் உறங்கியவை

தூத்துக்குடியில், கடற்கரைச் சாலைக்குப் பின்புறமுள்ள ஒரு சந்தில் நம் தந்தையார் வானொலி பழுது பார்க்கும் கடை நடத்தி வந்தார். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961-ஆம் ஆண்டில்தான் கடையைத் திறந்ததாகச் சொல்வார். அவர் மறைந்த பின், கடையோடு பதினொரு பிஸ்கட் டப்பாக்களும் நம் கைக்கு வந்தன. அவற்றுள் நிறைந்திருந்தவை மின்தேக்கிகள். கடை வழக்கில் சொன்னால் கண்டன்சர்கள். ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் ஒரு தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். வாங்கிய நாளைக் கணக்குக்காகக் குறித்திருக்கிறார் போலும் என்று நாம் எண்ணியிருந்தோம்.

2016-ஆம் ஆண்டின் ஐப்பசி மழையில், வள்ளத்தொழில் பார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவர் தம் வால்வு ரேடியோவைச் சாக்கில் பொதிந்து கொண்டுவந்தார். தந்தையார் காலத்தில் மாலைதோறும் கடைத் திண்ணையில் அமர்ந்திருந்தவர் அவர். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியை அந்தப் பெட்டியில்தான் கேட்பது அவர் வழக்கம். மனைவி இருந்த காலத்தில் இருவருமாகக் கேட்டது. இப்போது பேச்சுக்கு மேலாக "உம்ம்ம்" என்ற முழக்கமே கேட்கிறது என்றார்.

முழக்கம் என்றால் பெரும்பாலும் ஃபில்டர் கண்டன்சர்தான். டப்பாவைத் திறந்தோம். 450 வோல்ட் தாங்கும் ஒன்று, கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. ஒருநாளும் பயன்படாதது, ஆகவே புதியது என்று முடிவு கட்டிப் பற்றவைத்தோம். பெட்டி தெளிவாகப் பேசியது. முதியவர் முகம் மலர்ந்தது. சில நிமிடங்களில் உள்ளே வெடியோசை! புகையும் நாற்றமும் அடங்கிய பின் பார்த்தால், டிரான்ஸ்பார்மரும் கருகியிருந்தது.

முதியவர் கோபிக்கவில்லை. "தம்பி, ஒங்க அப்பா மொதல்ல மூடியில இருக்குற தேதியப் பாப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தத் தேதியின் பொருளை அதன் பிறகே தேடிப் படித்தோம்.

இவ்வகை மின்தேக்கிக்குள் இரண்டு அலுமினியத் தாள்கள், இடையே நனைந்த காகிதம், எல்லாம் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு தாளின் மேல் படிந்திருக்கும் அலுமினிய ஆக்சைடுப் படலமே மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது. அதன் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மின்னழுத்தம் இருக்கும்வரை, படலத்தில் எங்கேனும் குறை விழுந்தால் காகிதத்தை நனைத்திருக்கும் திரவமே அதை அவ்வப்போது அடைத்துவிடுகிறது. அழுத்தமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதே திரவம் படலத்தை மெல்ல அரிக்கிறது. காப்பதும் அரிப்பதும் ஒன்றே! அப்படிக் கிடந்ததற்குத் திடீரென்று முழு அழுத்தமும் கொடுத்தால் மின்சாரம் கசியும், கசிவு சூடாகும், சூட்டில் கசிவு பெருகும், ஆவி பிதுங்கி வெடிக்கும். அந்தக் கசிவின் சுமை முழுவதையும் தாங்க மாட்டாமல்தான் டிரான்ஸ்பார்மர் எரிந்தது.

செய்பவர்கள் பலரும் இரண்டு மூன்று ஆண்டுச் சேமிப்புக்கே உறுதி சொல்கிறார்கள். நல்ல தயாரிப்புகள் அதற்கு மேலும் தாங்குவதுண்டு. ஆனால் அது குளிர்ந்த, உலர்ந்த அறைக்குச் சொன்ன கணக்கு. வெப்பம் பத்துப் பாகை ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்தொழிலின் பழைய வாய்ப்பாடு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் டப்பா எப்படிக் கொதித்திருக்கும்! போதாததற்கு உப்பளத்துக் காற்று வேறு. ஈயம் பூசிய கால்கள் கறுத்துப்போய்ப் பற்றவைப்பையே ஏற்பதில்லை. மைக்கா, பீங்கான் வகைகளுக்கு இந்தப் படலச் சிக்கல் கிடையாது.

கெட்டுப்போன படலத்தை மீண்டும் வளர்க்க வழி உண்டு. பெரிய மின்தடை ஒன்றின் வழியாகச் சிறிது சிறிதாக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு, கசிவு குறைகிறதா என்று மீட்டரைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். சில மணி நேரம் ஆகும். சிலவற்றுக்கு இரண்டு நாள்கூட ஆகும். முடிந்ததும் தேங்கிய மின்சாரத்தை இறக்காமல் கை வைக்கலாகாது, உயிருக்கே ஆபத்து. ஒரு டப்பாவை இப்படி மாலைதோறும் சோதித்தோம். 38-இல் 21 தேறின. கண்ணூர்க் கெல்ட்ரான் ஆலையின் பெயர் பொறித்தவை சிலவும் தேறியவற்றுள் இருந்தன. மீதியைத் தூக்கி எறியும்போது தந்தையாரின் சேமிப்பை எறிவதுபோல் மனம் கனத்தது உண்மை.

தேறியவற்றையும் பிறர் பெட்டியில் வைப்பதில்லை என்று தீர்மானித்தோம். நம் மேசைச் சோதனைக்கு அவை போதும். நாற்பது ஐம்பது ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மற்றொருவர் பொருளைப் பணயம் வைப்பது முறையல்ல. முதியவருக்காகச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து புதியதை வரவழைத்தோம். அதையும் புரட்டிப் பார்த்தோம். பலவற்றின் மேல் நான்கு இலக்கங்கள் இருக்கும், முதல் இரண்டு ஆண்டு, பின் இரண்டு வாரம். நேற்று வாங்கியது நேற்றுச் செய்ததாக இருக்க வேண்டியதில்லை அல்லவா? கருகிய டிரான்ஸ்பார்மருக்குப் புதிதாகக் கம்பி சுற்றினோம். கூலி வாங்கவில்லை. அவர் வற்புறுத்தி ஒரு கட்டுக் கருவாடு வைத்துவிட்டுப் போனார்.

போகும்போது, "ஐயா, இதைச் சும்மா போட்டு வைக்காதீர்கள், மாதம் ஒருமுறையாவது ஓட விடுங்கள்" என்று சொல்லியிருந்தோம்.

2018 ஜூன் மாத முடிவில் வேரித்தாஸ் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. சில மாதங்கள் கழித்து அவர் வீட்டுப் பக்கம் போக நேர்ந்தது. சன்னலோரத்தில் அதே பெட்டி, நிலையமில்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, கடலிரைச்சல்போல் இரைந்துகொண்டிருந்தது. எதிரே நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தார்.

"இன்னைக்கு மொதல் ஞாயிறு, தம்பி" என்றார்.