டம்டம் முதல் வாகைக்குளம் வரை

கொல்கத்தா டம்டம் நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,380 கி.மீ.; பயண நேரம் இரண்டரை மணி. சென்னையிலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் நிலையம் 530 கி.மீ.தான், அதற்கும் ஒன்றரை மணி. தொலைவில் ஐந்தில் இரண்டு பங்கு, நேரத்தில் ஐந்தில் மூன்று! அவ்வழியில் பெரும்பாலும் பறப்பவை வேகம் குறைந்த ஏ.டி.ஆர். விமானங்கள். மேலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் மேலேறுவதும் இறங்குவதும் எத்துணைச் சிறிய பயணத்திலும் சுருங்குவதில்லை.

சால்ட் லேக்கில் தங்கி ஆய்வு செய்யும் எனக்கு இக்கணக்கு மனப்பாடம். சென்ற ஆண்டு துர்கா பூஜையின் அஷ்டமி விடியலில் அப்பா அழைத்தார். ஆச்சிக்கு மூச்சு இழுக்கிறதாம். "எப்பம் வருவ?" என்று மட்டும் கேட்டார்.

ரயிலென்றால் சென்னைக்கே ஒரு நாளுக்கு மேல். வானிலோ மொத்தம் நான்கு மணி நேரம். ஆயினும் கருணாமயியிலிருந்து டம்டம் வரையிலான பத்துக் கிலோமீட்டர், பந்தல் காணத் திரண்ட கூட்டத்தினூடே ஒன்றரை மணி நேரத்தை விழுங்கியது. சென்னையில் அடுத்த விமானத்திற்கு ஐந்து மணி நேரக் காத்திருப்பு. எந்தத் தொலைவுப் பட்டியலிலும் இடம்பெறாத நேரம் அது.

வீடு சேர்ந்தபோது விளக்கேற்றியிருந்தார்கள். ஆச்சி கண் திறந்து, "சாப்பிட்டியா அய்யா?" என்றாள்.