சிவகளைப் பரம்பில் கரியும் நெல்லும்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையுமாகக் கிடக்கும் வயல்களைத் தாண்டினால் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் மேட்டு நிலம் வருகிறது. ஊரார் இதைப் பரம்பு என்கிறார்கள். சேற்றில் இழுக்கும் பரம்புப் பலகை அல்ல, மேடு என்று பொருள். இங்கேதான் முன்னோர் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்தார்கள். வயலாகும் நிலத்தை அதற்கு விடவில்லை போலும்.

தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது தாழிகளோடு கத்தி, அம்புமுனை, உளி என இரும்புக் கருவிகள் கிடைத்தன. துருவைப் பார்த்து வயது சொல்ல முடியாது. உவர் மண்ணில் போட்ட மண்வெட்டி எத்தனை சீக்கிரம் அரித்துப்போகும் என்பது விவசாயிக்குத் தெரியும். அதனால் இரும்போடு கிடக்கும் கரித்துண்டைத் தேடுகிறார்கள். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 சேர்ந்துகொண்டே இருக்கும். வெட்டியபின் வரவு கிடையாது, செலவு மட்டும்தான். 5,730 ஆண்டில் பாதியாகிவிடும். மிச்சத்தை அளந்தால் காலம் தெரியும். பழைய இரும்பு உலைகளுக்கும், சிட்டக்கல்லில் ஒட்டியிருக்கும் கரியை வைத்து இப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.

சிவகளைக் கரி ஒன்றுக்கு வந்த காலம் கி.மு. 3345. 2025 ஜனவரியில் அரசு இதை வெளியிட்டது. பானை ஓட்டுக்கு வேறு முறை. சூளையில் வெந்தபின் அதன் மணல் துகளில் சேர்ந்த ஆற்றலை ஒளி பாய்ச்சி அளக்கிறார்கள். அதில் ஓர் ஓட்டுக்குக் கி.மு. 2459 வந்தது.

கரியில் ஒரு சிக்கல் உண்டு. முதிர்ந்த மரத்தின் வைரப் பகுதி, அடுப்புக்குப் போகும் முன்பே நூறு ஆண்டு பழையதாக இருக்கலாம். நெல்லுக்கு அது இல்லை, ஒரே பருவத்துப் பயிர். சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155. கரிக்கும் நெல்லுக்கும் இடைவெளி 2,190 ஆண்டு! இதனால் ஒன்று பொய்யாகிவிடாது. ஒரே இடுகாட்டைப் பல தலைமுறைகள் பயன்படுத்துவது வழக்கம்தான். ஆனாலும் ஒன்றிரண்டு கரித்துண்டுகளோடு நிறுத்தாமல் இன்னும் பல தாழிகளைச் சோதிப்பதே சரி.

அதற்கு மண் புரளாமல் இருக்க வேண்டும். ஜேசிபி வைத்து மேட்டைச் சமன் செய்தால் எந்தக் கரி எந்தக் கத்தியோடு கிடந்தது என்பதே தெரியாமல் போகும். தோட்டத்தில் தாழி விளிம்போ சிட்டக்கல் குவியலோ தென்பட்டால் வண்டியை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம். கரித்துண்டைக் கையால் தொடாமல் விடுவது நல்லது. கையில் ஒட்டியிருக்கும் எண்ணெயிலும் கார்பன் இருக்கிறது.