தாமதமாகும் இரயிலும் தவிக்கும் இல்லங்களும்

பொறுமை ஒரு புண்ணியம் என்று நாம் மறையுரைகளில் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். ஆயினும், காலை எட்டு மணிக்குச் சென்னைப் புறநகர் நிலையம் ஒன்றில், வரவேண்டிய மின்சார இரயில் வாராமையால் நெருங்கி நிற்கும் கூட்டத்தின் நடுவே அதே சொல்லைச் சொல்லத் துணிவோமோ? கடிகாரத்தையும் தண்டவாளத்தையும் மாறி மாறி நோக்கும் அம்முகங்களில் நம் பங்கு மக்களின் முகங்களும் உண்டு. மருத்துவமனைத் தாதி, கடைச் சிப்பந்தி, வீட்டு வேலை செய்யும் தாய், தொழிற்கூடத்து இளைஞன் ஆகிய இவர்களுக்குப் பொறுமையைப் போதிக்குமுன், இவர்கள் இழப்பது என்னவென்று எண்ணிப் பார்ப்பது முறையாகும்.

சென்னைக்கு மின்சார இரயில் புதிதன்று. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே அது ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதையில் ஓடிய அவ்வண்டிகள் 2004-இல் விடைபெற்று, அகலப் பாதை வண்டிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. நகருக்குள் வாடகை கொடுக்க இயலாதோர் செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என்று வெளியே வெளியே குடியேறினர். அவர்களது வீட்டையும் வேலையையும் இணைப்பது இந்த இரயில்தான்.

தாமதத்துக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. கும்மிடிப்பூண்டித் தடத்தைப் பாருங்கள். அத்திப்பட்டுக்கு வடக்கே நெடுங்காலமாக இரண்டே பாதைகள். விரைவு வண்டி, சரக்கு வண்டி, புறநகர் வண்டி அனைத்தும் அவற்றிலேயே போய்வர வேண்டும். ஒன்றுக்கு வழிவிட மற்றொன்று நிற்கிறது. அது நிற்பதால் பின்னால் வருவனவும் நிற்கின்றன. மேலேயுள்ள மின்கம்பி அறுந்தாலோ சிக்னல் பழுதானாலோ சொல்ல வேண்டுவதில்லை. புதிய பாதை அமைத்தால் இக்குறை தணியும். ஆனால் அதற்கும் காத்திருக்க வேண்டியவர் அதே பயணியர்தாம். கடற்கரை–எழும்பூர் நான்காம் பாதைப் பணிக்காக, கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் இரயில் 2023 ஆகஸ்ட் 27 முதல் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்று சொல்லப்பட்டது. மீண்டும் ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. ஏழு மாதம் 14 மாதமாயிற்று.

வசதி படைத்தவனுக்கு இரயில் தவறினால் வேறு வாகனம் உண்டு. சீசன் டிக்கெட்டை நம்பி வாழ்பவனுக்கு அது இல்லை. தொழிற்கூடத்து வாயிலிலுள்ள கடிகாரம் அவனிடம் காரணம் கேட்பதில்லை. அரை நாள் ஊதியம் போகிறது. சில இடங்களில் வேலையே போகிறது. ஆகவேதான் நாள்கூலி பெறுபவன் அடுத்த வண்டிக்குக் காத்திராமல், நிரம்பி வழியும் வண்டியின் படியிலேயே தொற்றிக்கொள்கிறான்.

அதன் விளைவு எத்தகையது என்பதைப் பரங்கிமலை அறியும். புனித தோமையார் இரத்தம் சிந்தியதாக மரபு போற்றும் அம்மலையின் பெயரைத் தாங்கிய நிலையத்தில், 2018 ஜூலை 24 காலை நடந்தது நினைவிருக்கும். மின்கம்பிப் பழுதினால் புறநகர் வண்டி வழக்கமான பாதையை விட்டு விரைவுப் பாதையில் செலுத்தப்பட்டது. படியில் தொங்கிச் சென்றோர் அங்கிருந்த கான்கிரீட் தடுப்புச் சுவரில் மோதி விழுந்தனர். சிலர் உயிர் நீத்தனர். நேரத்தோடு வேலைக்குச் சேரவேண்டும் என்பதன்றி அவர்கள் செய்த குற்றம் என்ன?

உயிருக்கு ஊறு நேராத நாள்களிலும் இல்லத்தில் ஓர் ஊறு நேர்கிறது. இரவு ஒன்பது மணிக்குக் களைத்து வீடு திரும்பும் தந்தை, நிலையத்தில் எவரிடமும் காட்ட இயலாத கோபத்தை மனைவியிடம் காட்டுகிறார். செபமாலை சொல்லக் காத்திருந்த பிள்ளைகள் உறங்கிவிடுகின்றன. பெற்றோரே, அக்கோபம் நியாயமானதே. ஆனால் அதைப் பெறவேண்டியவர் உங்கள் இல்லத்தில் இல்லை. வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது அதனையும் கழற்றி வையுங்கள். இல்லத்தில் இருப்போரும், "ஏன் இவ்வளவு நேரம்?" என்ற கேள்விக்கு முன் ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள்.

வேலை கொடுக்கும் நிலையிலுள்ள நம் கிறிஸ்தவர்களுக்கும் ஒரு சொல். இயேசு பெருமான் கூறிய திராட்சைத் தோட்ட உவமையில், மாலை ஐந்து மணிவரை வேலையின்றி நின்றவர்களைத் தோட்டக்காரர் சோம்பேறிகள் என்று தள்ளிவிடவில்லை. ஏன் நிற்கிறீர்கள் என்று முதலில் வினவினார். அவர்கள் சொன்ன காரணத்தை ஏற்றார். முழுக் கூலியும் கொடுத்தார். தாமதமாக வந்த பணியாளின் ஊதியத்தில் கை வைக்குமுன் நீங்களும் காரணத்தை வினவலாம் அன்றோ?

இனி, பொறுமை என்பது வாய்மூடி இருப்பதன்று. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி வரைந்த சுற்றுமடல், அவர்கள் சங்கமாக ஒன்றுகூடும் உரிமையை நிலைநாட்டிற்று. அதே வழியில் பயணியரும் ஒன்றுகூடலாம். தண்டவாளத்தில் அமர்ந்து மறித்தால் நம்மைப் போன்ற ஏழைகளே மேலும் தவிப்பர்; ஓட்டுநர்மீது கல்லெறிவதோ பாவம். அதைவிட, ஒரு மாத காலம் எந்த வண்டி, எந்த நாளில், எத்தனை நிமிடம் தாமதித்தது என்று குறித்து வையுங்கள். பல சமயத்தாரும் கையொப்பமிட்ட மனுவாக அதனை இரயில்வே அதிகாரிகளுக்கும் பாராளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். தாமதத்தைத் தவிர்க்க முடியாத நாளில், உண்மையான நேரத்தையாவது ஒலிபெருக்கியில் அறிவிக்குமாறு கேளுங்கள். அரை மணி தாமதம் என்று முன்னதாகத் தெரிந்தால், தாய் ஒருத்தி அண்டை வீட்டாரிடம் சொல்லிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரச் செய்வாள்.

ஏழையிடம் நிலம் இல்லாதிருக்கலாம், பொன் இல்லாதிருக்கலாம். நேரம் ஒன்றே அவன் விற்றுப் பிழைக்கும் பொருள். அதனைப் பறிப்பது கூலியைப் பறிப்பதற்கு ஒப்பாகும். அதை உணர்ந்து நடக்கும் உள்ளத்தை, ஆள்வோர்க்கும் முதலாளிகளுக்கும் நமக்கும் ஆண்டவர் அருள்வாராக. இன்று மாலை படியில் தொங்கி வரும் ஒவ்வொரு மகனையும் மகளையும் தேவதாய் நலமாக இல்லம் சேர்ப்பாராக.