காருக்கும் கண் டெஸ்ட் உண்டு மக்களே!

வெளிநாட்டில் பொட்டி தட்டுகிற நம்மில் பலர், கடந்த சில வருஷங்களில் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்திருப்போம். "ரேடார் வெச்ச மாடலாவே வாங்குங்கப்பா, அதான் சேஃப்டி" என்று போனில் அடம் பிடித்ததும் நாமாகத்தான் இருக்கும். அந்த ரேடாருக்கும் கேமராவுக்கும் தனியாகப் பராமரிப்பு வேண்டும் என்பது நிறைய வீடுகளில் தெரிவதில்லை. எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் யாருக்காவது உபயோகப்படும்.

விஷயத்தின் பெயர் அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோல், சுருக்கமாக ஏ.சி.சி. ("சிமெண்ட் கம்பெனியாடா?" என்றார் அப்பா.) 80-இல் வேகத்தை வைத்துவிட்டால் வண்டி அதிலேயே போகும். முன்னால் போகிற வண்டி மெதுவானால் இதுவும் மெதுவாகி இடைவெளி விடும். 1995-இல் மிட்சுபிஷி லேசர் வைத்துச் செய்தது, 1999-இல் மெர்சிடிஸ் ரேடார் வைத்தது. நம்மூரில் ரொம்ப நாள் பணக்கார வண்டிகளில் மட்டும் இருந்தது. 2021-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி700, 2022-இல் ஹோண்டா சிட்டி ஹைபிரிட், 2023-இல் ஹூண்டாய் வெர்னா என்று நடுத்தர வீடுகளுக்கும் வந்துவிட்டது.

எங்களுக்குச் சொந்த ஊர் சித்தூர். அம்மாவுக்கு மாதாமாதம் திருப்பதியில் டாக்டரைப் பார்க்க வேண்டும். (2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டது. அதனால் இப்போது 'வெளி மாவட்ட'ப் பயணம்! :-)) சுமார் 70 கிலோமீட்டர், அகலமான நல்ல ரோடு. ஓட்டுவது 68 வயது அப்பா. அந்த ரோட்டுக்கு ஏ.சி.சி. கச்சிதமான துணை.

போன வருஷம் ஒரு டிப்பரிலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டது. ஊரிலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரெண்டு மணி நேரத்தில் வேறு கண்ணாடி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து ஆரம்பித்தது வினை. பக்கத்து லேனில் லாரி போனால் நம் வண்டி தானாக பிரேக் போடும். பின்னால் வருகிறவன் ஹாரனை அலறவிடுவான். டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் இல்லை. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு "கோவிந்தா கோவிந்தா" என்று திருப்பதிக்கு முன்பே ஆரம்பித்துவிடுவாராம்.

பொங்கலுக்குப் போனபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "கண்ணாடி மட்டும்தான் சார் மாத்தினோம். கேமராவைக் கழட்டி அப்படியே மாட்டிட்டோம்" என்றார்கள். அந்த 'அப்படியே'தான் பிரச்சினை!

ரேடார் முன்பக்க கிரில் அல்லது பம்பரில் இருக்கிறது. முன்னால் ஏதோ இருக்கிறது, இவ்வளவு தூரம், இவ்வளவு வேகம் என்று சொல்லும். அது நம் லேனில் இருக்கிறதா, பக்கத்து லேனிலா என்று தீர்மானிப்பதில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்குப் பெரிய பங்கு. அந்தப் பார்வை ஒரே ஒரு டிகிரி விலகினால், 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் தள்ளிப் போகும். ஒரு லேனின் அகலமே 3.5 மீட்டர். ஆக, பாதி லேன் அவுட். பக்கத்து லாரி நம் லாரி ஆகிவிடும். அதைவிட மோசம், நம் முன்னால் இருக்கிற லாரி பக்கத்து லாரி ஆகிவிடுவது.

திருப்பதியில் கேலிபரேஷன் வசதி இருந்த சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனோம். அரை நாள் வேலை. சமதளத் தரை, நாலு டயரிலும் சரியான காற்று, டிக்கியில் பாரம் இருக்கக் கூடாது (அப்பாவின் ரெண்டு அரிசி மூட்டை இறங்கியது). பின்பக்கம் உட்கார்ந்தால் மூக்கு தூக்கும், கண் வானத்தைப் பார்க்கும் என்பதால் இத்தனை கெடுபிடி. வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட்டு, வண்டிக்கு நேர் எதிரே அளந்து ஒரு கட்டம் போட்ட பலகையை நிறுத்தி, கம்ப்யூட்டரை மாட்டி, கேமராவுக்கு 'நேர்' எது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு கோடு தெளிவாக இருக்கும் ரோட்டில் ஒரு ஓட்டம். திரும்பி வரும்போது அப்பா, "இப்போ லாரியைப் பார்த்துப் பயப்படலடா" என்றார்.

ஊருக்குப் போன் செய்யும்போது மறக்காமல் சொல்ல வேண்டியவை:

1. முன்கண்ணாடி மாற்றினாலோ, முன்பக்கம் இடித்து பம்பரைக் கழற்றினாலோ, சஸ்பென்ஷன் வேலை செய்தாலோ, கேலிபரேஷன் வேண்டுமா என்று கேட்டு, செய்ததற்கு ரிப்போர்ட்டும் வாங்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் எஸ்டிமேட்டில் அந்தச் செலவும் இருக்கட்டும்.

2. எங்கள் ஊரில் புது வண்டியைக் காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ப் பூஜை போடுவார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் கிளம்பும்போது ரேடார் இருக்கும் இடத்தில் மாலை, எலுமிச்சை மிளகாய், சந்தனம் எதுவும் வேண்டாம். பிள்ளையார் கோபிக்க மாட்டார். ஸ்டிக்கரும் கூடாது. இரும்பு பம்பர் கார்டு 2017 டிசம்பரிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

3. கண்ணாடியின் கேமரா பகுதியையும் ரேடார் மூடியையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலச் சேற்றில் இது தினசரி வேலை.

4. திருமலை மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம். வளைவில் முன்வண்டி ரேடாரின் பார்வையிலிருந்து நழுவிவிடும். ரோடு காலி என்று நினைத்து வண்டி வேகமெடுக்கும். அலிபிரியிலேயே அணைத்துவிடுங்கள்.

5. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு இதை நம்பக் கூடாது. பாலம், போர்டு எல்லாவற்றுக்கும் பிரேக் போடாமல் இருக்க, அசையாத பொருள்களில் பலவற்றை ரேடார் ஒதுக்கிவிடும். சித்தூர் பக்கம் மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரிகளுக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். இரவில் பின்விளக்கே இல்லாத டிரெய்லர்கள் வேறு. அங்கே கண் அப்பாவுடையது, கால் பிரேக் மேல்.

அடுத்த மாதச் செக்கப்புக்கு அம்மா முன் சீட்டிலேயே தூங்கிக்கொண்டு போனாராம். அந்த அரை நாளுக்கும் செலவுக்கும் அது போதும்.

டிஸ்கி: நான் கார் மெக்கானிக் அல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் முறை மாறும். உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தை டேஷ்போர்டு பெட்டியிலிருந்து எடுத்து ஒரு முறையாவது படித்துவிடுங்கள்!